இழுப்பது பெரிதல்ல, நிற்க வேண்டும்!

மல்லேஸ்வரம் கிராஸ் ரோடுகளில் கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டர், கட்டிட வேலைக்குக் கம்பிரஸர் என்று சக்கரம் வைத்த சாமான்கள் போய் வருவதைக் காணலாம். இவற்றைப் பெரும்பாலும் இழுப்பது டிராக்டர். "பிக்கப் ஒன்று வாங்கினால் லோடும் அடிக்கலாம், டிரைலரும் இழுக்கலாம்" என்று கணக்குப் போட்டு, ஊரில் நகையை அடகு வைக்கும் நம்மவர்களும் உண்டு. அடகுக் கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

வண்டி விற்பவர் முதலில் சொல்வது குதிரை சக்தியை. டிரைலர் இழுப்பவருக்கு அது இரண்டாம்பட்சம். சமதரையில் மெல்ல இழுக்க எந்த டீசல் எஞ்சினும் இழுத்துவிடும். நிறுத்தும்போதுதான் வண்டியின் யோக்கியதை தெரியும். கூட்ஸ் ரெயிலை எஞ்சின் மட்டுமா நிறுத்துகிறது? ஒவ்வொரு வேகனிலும் பிரேக் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 3500 கிலோ டிரைலரை இழுக்க அனுமதி உண்டு. ஆனால் டிரைலரில் தனி பிரேக் இருந்தால்தான் அந்தக் கணக்கு. இல்லையென்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான்! எஞ்சின் ஒன்றே, பிரேக்தான் வித்தியாசம்.

சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ டிரைலருடன் போகிறவர் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். அங்கே பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதுவது அடிக்கடி வரும் செய்தி. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடி போனால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்குவதுதான் முறை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது எடைக் கணக்கு. டிரைலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். டிரைலரின் பின்பக்கம் பாரம் கூடினால் வேகம் எடுத்ததும் அது பாம்பு போல ஆடும். காலி டிரைலர் 600 கிலோ, மேலே சாமான் 1500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2100, கொக்கியில் 210 கிலோ. இந்த 210-ம் பிக்கப் சுமக்கும் பாரத்தில் சேர்த்தி. 1250 கிலோ தாங்கும் அசோக் லேலண்ட் தோஸ்த் என்றால், தொட்டியில் ஏற்ற மிச்சம் 1040 கிலோதான். 750 கிலோ தாங்கும் டாடா ஏஸ் போன்ற சின்ன வண்டிக்கு இந்த வேலையே வேண்டாம். தாங்கும் எடை சரியாக இருந்தாலும், டிரைலர் இழுக்கத் தயாரித்த கம்பெனியின் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பட்டறையில் வைத்துப் பற்றவைத்த கொக்கியை நம்பக் கூடாது.

பாரத்தைப் பார்த்தே வண்டி என்பதற்கு பெங்களூரிலேயே உதாரணம் உண்டு. வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய பிரம்மாண்ட விஷ்ணு சிலைக் கல், 2018 கடைசியில் ஈஜிபுராவுக்குக் கிளம்பியது. அதற்காக 240 டயர் டிரைலர் வந்தது. அப்படியும் டயர்கள் வெடித்தன. பாலம் தாங்காத இடத்தில் பக்கத்தில் மண் பாதை போட்டார்கள். சிலை வந்து சேர்ந்தது 2019 ஜூனில்!

காகித விவகாரமும் சாமானியமல்ல. டிரைலருக்கும் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் நம்பரும் டிரைலரின் பின்னால் தெரிய வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். அதிக பாரத்துக்கு, 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரு மாத வாடகை ஒரே நாளில் போய்விடும். மொத்த எடை 7500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை சாதாரண இலகுரக லைசென்ஸில் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பரில் உறுதி செய்தது. அதிக பாரம் ஏற்ற அது அனுமதி ஆகாது.

பழைய வண்டி பார்க்கிறவர்கள் கிளட்ச், பின் பட்டை ஸ்பிரிங், சேஸிஸில் புது வெல்டிங் இவற்றைத் தடவிப் பார்க்கட்டும். அட்வான்ஸ் கொடுக்குமுன் பாரம் ஏற்றிய டிரைலரை மாட்டி, ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு விடியற்காலையில் குறுகலான ஒரு கிராஸ் ரோட்டில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரைலர் வலப்பக்கம் போகும். இது கை பழகவே சில நாளாகும்.