தறிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை

தென்னேரி என்றதும் காஞ்சிபுரம் வட்டாரத்து விவசாயிகளின் நினைவுக்கு வருவது அங்குள்ள பெரிய ஏரி. நெசவாளர்களுக்கோ அது பட்டுத் தறியின் ஓசை கேட்கும் ஊர். சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு அண்மையில் நாம் அங்கே சென்றிருந்தபோது, கணக்குப் புத்தகத்தில் இடம்பெறாத ஒரு முயற்சியைக் காண நேர்ந்தது. அங்கத்தினர்கள் யாவரும் அதனை அறிதல் நன்று என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

அலுவல் முடிந்த மாலையில் அங்கத்தினர் ஒருவர் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். கூடத்தில் குழித் தறி. அதில் பாதி நெய்த கோர்வைப் புடைவை. தறிக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசை. அதன்மேல் ஒரு மடிக்கணினி. "ஐயா, என் மகள் இரவு பன்னிரண்டு மணி வரை இதன் முன்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ வலை என்கிறாள். அது மீன் பிடிக்கும் வலையா, நாம் நெய்வது போன்றதா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் அவர், பாதி விளையாட்டாகவும் பாதி கவலையாகவும்.

அந்தப் பெண் படிப்பது சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் பட்டப் படிப்பு. 1959-ல் தோன்றிய அந்த நிறுவனம், 2020-ல் நிரலாக்கமும் தரவு அறிவியலும் கற்பிக்கும் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. 2021-ல் முதல் வகுப்புகள் தொடங்கின. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால், வயது வரம்பின்றி விண்ணப்பிக்கலாம். ஜே.இ.இ. என்னும் கடும் போட்டித் தேர்வு இதற்கு வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, ஒப்படைப்புகளை முடித்து, அதன்பின் நடக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். தேர்வை மட்டும் குறித்த மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டும். அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள். அதற்கு மேல் டிப்ளமா. அதற்கும் மேல் பட்டம். இடையில் எந்த நிலையில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழ் உண்டு. சமூகப் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

டிப்ளமா நிலையில்தான் வலைத்தளம் அமைக்கும் கலை வருகிறது. இரண்டு பாடங்களாக அதைப் பிரித்திருக்கிறார்கள். இவற்றை நெசவாளருக்கு விளக்குவது எளிது. ஹெச்.டி.எம்.எல். என்பது பாவு, பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று நிலையாக நிறுத்துவது அது. சி.எஸ்.எஸ். என்பது வண்ணமும் கரையும் முந்தியும். அதே பாவின்மேல் வேறு அழகு ஏற்றுவது. ஜாவாஸ்கிரிப்ட் என்பது மிதி. பார்ப்பவர் ஓரிடத்தைத் தொட்டால் பக்கம் அசைந்து விடை தருவது அதனால். இவற்றுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நம் சங்கத்து இருப்புப் பதிவேட்டைப் போன்ற ஒரு தரவுத்தளமும், கேட்டவருக்குக் கேட்ட ஏட்டை எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தாவைப் போன்ற ஒரு நிரலும் இருக்கின்றன. அந்த நிரலைப் பைத்தான் என்னும் மொழியில் எழுதக் கற்பிக்கிறார்கள்.

இந்த ஒப்புமை வெறும் அலங்காரம் அன்று. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804-ல் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறிப்பொறியை அமைத்தார். ஆங்கிலேயரான பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அந்த அட்டைகளையே எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணினார். கணினிக்குக் கட்டளையிடும் வழி, ஒருவகையில், தறியிலிருந்து சென்றதே. 1989-ல் உலக வலையைத் திட்டமிட்ட டிம் பெர்னர்ஸ்-லீ, பத்தாண்டுகளுக்குப் பின் எழுதிய தம் நூலின் பெயரிலேயே நெய்தல் என்னும் சொல்லை வைத்தார். அவர் பணியாற்றிய செர்ன் ஆராய்ச்சிக் கூடம் 1993-ல் அதனை எவரும் காசின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கே விட்டுக்கொடுத்தது. கூட்டுறவாளரான நமக்கு இச்செய்தி இனிக்கும்.

ஆனால் தென்னேரி வீட்டில் எல்லாம் இனிப்பாக நடந்துவிடவில்லை. மடிக்கணினி வாங்குவதற்காக அந்தப் பெண்ணின் தாயார் தம் இரண்டு வளையல்களையும் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக் கடனுக்கு வைத்தார். முதற் பருவத்திலேயே பெண் புள்ளியியலில் தவறினாள். மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்தவளுக்கு ஒரு மணி நேரப் பாடம் மூன்று மணி நேரம் ஆயிற்று. "போதும், தறியில் உட்கார்" என்று தகப்பனார் சொல்லியும் விட்டார். அந்த நாளில் நம்மிடமும் யோசனை கேட்டார். "இவையெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றவை" என்று நாம் பதில் சொன்னோம். பட்டதாரி என்ற பெருமையில் சொன்ன அந்தச் சொல்லுக்காக இன்று வெட்கப்படுகிறோம். தாயார் மட்டும் "வளையல் ஏற்கெனவே போய்விட்டது, இன்னொரு பருவம் போகட்டும்" என்றாராம். அடுத்த முறை பெண் தேறினாள்.

பின்பு ஒருநாள் நடந்ததைத் தகப்பனாரே சொன்னார். பயிற்சிக்காக அவள் ஒரு பக்கம் அமைத்தாள்: எந்த நெசவாளருக்கு எத்தனை பாவு, எத்தனை மார்க் ஜரிகை கொடுக்கப்பட்டது, எத்தனை புடைவை வந்தது, மீதம் என்ன என்று காட்டுவது. எல்லார் பெயருக்கு எதிரேயும் ஜரிகை இருப்புக் கூடுதலாக வந்தது. ஒவ்வொரு பெயராக எடுத்து எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தாள், நள்ளிரவு ஆயிற்று. தண்ணீர் குடிக்க எழுந்த தகப்பனார் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாப் பூவிலும் ஒரே இடத்தில் பிழை வருகிறதா?" "ஆமாம் அப்பா." "அப்படியானால் பூவைத் திருத்தாதே. பிழை தெரிவது துணியில்; இருப்பது அட்டையில். அட்டையைத் தேடு."

அவள் தேடினாள். ஒவ்வொருவருக்கும் முதலில் கொடுத்த ஜரிகையை நிரலின் ஒரு வரி இருமுறை கூட்டியிருந்தது. அந்த வரியை மாற்றியதும் எல்லாக் கணக்கும் நேராயிற்று. அன்று முதல் தகப்பனார் அவளைத் தறிக்கு அழைப்பதில்லை. தறியின் முன்னிருந்து அவர் அழைத்தால் அது நூல் அறுந்ததற்காக மட்டுமே.

ஆய்வாளர் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் அமைத்த பக்கம் பயிற்சிதான். சங்கக் கணக்கு அன்று. ஒழுங்காகச் சோதித்து, உரிய ஒப்புதல் பெறும் வரை பதிவேடே சான்று.

இப்படிப்பு நமக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். வேறொரு வட்டாரத்தில் நாம் கண்ட ஒரு சங்கம், சில ஆண்டுகளுக்கு முன் வெளியாள் ஒருவரைக் கொண்டு வலைத்தளம் அமைத்தது. தளத்தின் பெயரை அவர் தம் பெயரிலேயே பதிந்துகொண்டார். கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. அவர் ஊரை விட்டுப் போனார். ஆண்டுக் கட்டணம் கட்டுவாரில்லை, தளம் மறைந்தது. கடைக்கு வாடகை கொடுத்துவிட்டுச் சாவியை அயலாரிடம் விட்டதற்கு ஒப்பாகும் இது. காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் எது உண்மையான காஞ்சிப் பட்டு என்று தொலைவில் உள்ள வாங்குவோருக்கு எடுத்துச் சொல்ல நமக்கென்று ஒரு பக்கம் வேண்டாமா? விவசாயிகளும் இன்று கொள்முதல் நிலையத்தில் நெல் கொடுக்க இணையத்தில் பதிகிறார்கள். அந்தப் பக்கங்களை யாரோ எழுதத்தான் செய்கிறார்கள். நம் பிள்ளைகளும் எழுதட்டும்.

எனவே நிர்வாகக் குழுக்களுக்கு மூன்று யோசனைகள். முதலாவது, வலைத்தளம் வைத்திருக்கும் சங்கம் அதன் பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்து, புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பதிவேட்டில் எழுதி, கடவுச்சொல்லை உறையிலிட்டுப் பெட்டகத்தில் வைக்கட்டும். இரண்டாவது, சங்கக் கட்டடத்தில் மாலை வேளையில் ஓர் அறையும் இணைய இணைப்பும் அங்கத்தினர் பிள்ளைகளின் படிப்புக்குக் கிடைக்க வழி செய்யட்டும். மூன்றாவது, கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு, ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் கேட்பதற்கு இலவசம் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். சேர நினைப்பவர்களிடம் உண்மையையும் சொல்லட்டும்: கணிதம் கடினம், ஆங்கிலம் தடை, முதல் முறை தவறுவது இயல்பு.

1904 அக்டோபரில் நம் காஞ்சிபுரத்தில்தான் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. வட்டிக்காரரை நம்பியிருந்த மக்கள், கணக்கெழுதவும் கடன் கொடுக்கவும் தாமே கற்றுக்கொண்ட காலம் அது. இன்று நாம் கற்க வேண்டிய ஏடு வேறு, காரணம் மாறவில்லை.

நாம் விடைபெறும்போது தாயாரிடம் வளையலைப் பற்றி விசாரித்தோம். "இன்னும் சங்கப் பெட்டகத்தில்தான் இருக்கிறது ஐயா. வட்டி தவறாமல் கட்டுகிறோம். டிப்ளமா முடியட்டும், அவளே மீட்டுத் தருவாள்" என்றார். பெண் தலை நிமிரவில்லை. மறுநாள் அவளுக்குத் தேர்வு.