சுயமாக நூல் வெளியிடும் எழுத்தாளர்கள்: வாசகரைச் சென்றடைவது எப்படி? கவனிக்க வேண்டியவை எவை?

புது தில்லி: பதிப்பகத்தின் துணையின்றி ஒரு நூலை வெளியிடுவது இன்று கடினமான செயல் அன்று. எழுதி முடித்த கோப்பை இணையத்தில் பதிவேற்றினால், ஓரிரு நாள்களில் அது மின்நூலாக விற்பனைக்கு வந்துவிடுகிறது. வாசகர் கேட்கும்போது மட்டும் அச்சிடும் முறையில் தாள் நூலும் கிடைக்கிறது. கடினமான வேலை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. பெயர் அறியாத ஒருவர் எழுதிய நாவலை வாசகர் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு எழுத்தாளரே பதில் தேட வேண்டியுள்ளது.

ஃபேன்டஸி எனப்படும் மிகுபுனைவு நாவல்களையும் கவிதைகளையும் எழுதுவோர் இந்தக் கேள்வியை மற்றவர்களைவிடக் கூடுதலாக எதிர்கொள்கின்றனர். முதலாவது வகை, நீண்ட தொடர்களாக விரிவது. இரண்டாவது, விற்பனையாகாது என்று கூறிப் பல பதிப்பகங்கள் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்புவது. சேமிப்பைச் செலவழித்து அச்சிட்ட பிரதிகள் வீட்டில் அட்டைப்பெட்டிகளில் தேங்குவதும், புரியாமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் படைப்பின் உரிமையே கைநழுவிப் போவதும் இத்துறையில் அரிதல்ல.

இலவசமாக வழங்கப்பட்ட முதல் அத்தியாயம்

இந்தியாவில் இது குறித்துப் பேசும்போது அனைவரும் சுட்டிக்காட்டும் பெயர் அமீஷ் திரிபாதி. கொல்கத்தாவில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்று, நிதித்துறையில் பணியாற்றி வந்த அவர், சிவபெருமானை மனிதனாகக் கற்பனை செய்து எழுதிய முதல் நாவலைப் பல பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. இறுதியில் அவருடைய இலக்கிய முகவரான அனுஜ் பாஹ்ரியே நூலை வெளியிட முன்வந்தார். விளம்பரப் பொறுப்பை அமீஷ் ஏற்றுக்கொண்டார். 'தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலுஹா' 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியானது.

அந்த விளம்பரத்தின் முதன்மையான உத்தி மிக எளிமையானது. நாவலின் முதல் அத்தியாயம் மட்டும் தனிச் சிறு புத்தகமாக அச்சிடப்பட்டு, புத்தகக் கடைகளில் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. திரைப்பட முன்னோட்டத்தைப் போன்ற ஒரு காணொலியும் யூடியூபில் வெளியிடப்பட்டது. நூலுக்கு முன்னோட்டக் காணொலி என்பது அக்காலத்தில் இந்திய வாசகர்களுக்குப் புதிது. பின்னர் வெஸ்ட்லேண்ட் பதிப்பகம் நூலை ஏற்றுக்கொண்டது. 2011, 2013-ஆம் ஆண்டுகளில் அடுத்த இரு பாகங்கள் வெளிவந்தன. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இத்தொடர் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது.

நிராகரிப்பைத் தாண்டிய வெற்றிக்கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால், சொல்லாமல் விடப்படும் பகுதியும் உண்டு. அனுஜ் பாஹ்ரி வெறும் முகவர் அல்லர். தில்லி கான் மார்க்கெட்டில் பல ஆண்டுகளாக இயங்கும் பாஹ்ரிசன்ஸ் புத்தகக் கடையை நடத்தி வருபவர். எழுத்தாளரோ மேலாண்மை பயின்றவர், நிலையான ஊதியம் பெற்றவர். புத்தகக் கடைகளுக்குள் நுழைவதற்கான வழியும் செலவுக்கான பணமும் அவர்களிடம் இருந்தன. அவை இல்லாத ஒருவர் அந்தக் காணொலியை மட்டும் பின்பற்றினால் அதே பலன் கிடைக்கும் என எதிர்பார்க்க இயலாது. பின்பற்றத்தக்கது அந்தச் சிறு புத்தகமே. வாங்குவதற்கு முன் படித்துப் பார்க்கும் வாய்ப்பை அது வாசகருக்கு அளித்தது.

அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பவுலினியின் அனுபவம் வேறு வகையானது. பதினைந்தாம் வயதில் எழுதத் தொடங்கிய 'எரகான்' என்ற டிராகன் கதையை அவருடைய குடும்பமே 2002-இல் வெளியிட்டது. இடைக்கால ஐரோப்பிய உடையணிந்து பள்ளிகள், நூலகங்கள், கடைகள் என 135-க்கும் மேற்பட்ட இடங்களில் அவர் பேசினார். விமர்சகர்களை அல்ல, தன் வயதையொத்த வாசகர்களையே அவர் நேரில் தேடிச் சென்றார். 2003-இல் கனோஃப் பதிப்பகம் நாவலை மறுவெளியீடு செய்தது.

மிகுபுனைவு எழுத்தாளரான பிராண்டன் சாண்டர்சன் 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியாக நான்கு நாவல்களுக்கு முன்பதிவு பெற்று, 4.1 கோடி டாலருக்கும் மேல் திரட்டினார். இதையும் பலர் முன்மாதிரியாகக் காட்டுகின்றனர். அவர் அதற்கு முன்பே பெரும் பதிப்பகங்களின் வழியாகப் பல லட்சம் வாசகர்களைப் பெற்றிருந்தவர். முதல் நாவலுடன் வரும் எழுத்தாளருக்கு இந்த உதாரணம் உதவாது.

தொடருக்கு ஒரு கணக்கு, கவிதைக்கு வேறு கணக்கு

மின்நூல் தளங்களில் கிண்டில் நேரடி வெளியீட்டு முறையையே சுயாதீன எழுத்தாளர்கள் பெரிதும் நாடுகின்றனர். 2016-ஆம் ஆண்டு இறுதியில் தமிழ், இந்தி, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகிய மொழிகளுக்கும் கிண்டில் திறந்துவிடப்பட்டது. இதில் 35 விழுக்காடு, 70 விழுக்காடு என இருவகை ராயல்டி உண்டு. இந்தியாவில் நடைபெறும் விற்பனைக்கு 70 விழுக்காடு பெற வேண்டுமானால், 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் நூலைச் சேர்க்க வேண்டும்.

இத்திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்நூல் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. தாள் நூலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. பெங்களூருவைச் சேர்ந்த பிரதிலிபி போன்ற தளங்களில் நாவலைத் தொடராக எழுதி வாசகரைத் திரட்டிய ஒருவர், அதே நாவலை இத்திட்டத்தில் சேர்க்க விரும்பினால் முதலில் அத்தொடரை நீக்க வேண்டியிருக்கும். மாதிரியாகப் பத்து விழுக்காடு வரை மட்டுமே பிற இடங்களில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. இதை அறியாமல் சேர்வோரின் நூல் தளத்திலிருந்து நீக்கப்படக்கூடும்.

மாறாக, 90 நாள்களில் ஐந்து நாள்கள் நூலை இலவசமாக வழங்கும் வசதி இதில் உள்ளது. மிகுபுனைவுத் தொடர் எழுதுவோருக்கு இது பயனுள்ளது. முதல் பாகத்தை இலவசமாகப் படித்து முடித்தவர், கதை என்னவாயிற்று என்று அறிய இரண்டாம் பாகத்தை விலை கொடுத்து வாங்குவார். எனவே, இரண்டாம் பாகம் தயாராகும் முன்பே முதல் பாகத்தை இலவசமாக்குவது வீண். மேலும், கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே எழுத்தாளருக்குத் தொகை வழங்கப்படுகிறது. அறுநூறு பக்கத் தொடர்களுக்கு இது சாதகம்.

அறுபது பக்கக் கவிதை நூலுக்கு நிலைமை நேர்மாறானது. ஒரே அமர்வில் படித்து முடிக்கப்படும் நூலுக்குப் பக்கக் கணக்கில் கிடைப்பது சொற்பமே. கவிதைக்கு 'அடுத்து என்ன' என்ற ஆவலும் இல்லை. அதேநேரத்தில், நாவலுக்கு இல்லாத ஒரு வசதி கவிதைக்கு உண்டு. முழுப் படைப்பும் கைப்பேசித் திரையில் அடங்கிவிடும். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப முடியும்.

பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த ரூபி கவுர், இன்ஸ்டாகிராமில் சிறு கவிதைகளைக் கோட்டோவியங்களுடன் வெளியிட்டு வாசகரைப் பெற்றார். 2014-ஆம் ஆண்டு நவம்பரில் 'மில்க் அண்ட் ஹனி' தொகுப்பைத் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு ஆண்ட்ரூஸ் மெக்மீல் பதிப்பகம் அதை ஏற்றது. அவருடைய கவிதைகளின் தரம் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. அது தனி விஷயம். இலவசமாகப் படித்தவற்றையே மீண்டும் அச்சில் வாங்க மக்கள் முன்வந்தனர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. கவிதை நூலை வாங்குவோரில் பலர் புதிதாக எதையோ அறிவதற்காக அல்ல, விரும்பிய ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளவோ மற்றவருக்குப் பரிசளிக்கவோதான் வாங்குகின்றனர். ஆகவே, கவிஞர்கள் மின்நூலைவிடத் தாளின் தரத்திலும் வடிவமைப்பிலும் செலவழிப்பது பொருந்தும் எனலாம்.

அட்டைப்படம் குறித்து ஒரு தகவல். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படத்தை அட்டையில் பயன்படுத்தினால், கிண்டிலில் பதிவேற்றும்போது அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. உரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும்.

விலைக்கு வாங்கும் பாராட்டு

விற்பனை மந்தமாகும்போது பலரும் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் ஐந்து நட்சத்திர மதிப்புரை கேட்கின்றனர். நெருங்கிய உறவினர், நண்பர்கள் எழுதும் மதிப்புரைகளை அமேசான் அனுமதிப்பதில்லை. இணைய வணிகத்தில் வெளியாகும் மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் 'ஐ.எஸ். 19000' என்ற தரநிலையை வெளியிட்டது. பணமோ இலவசப் பொருளோ பெற்று சமூக ஊடகத்தில் ஒன்றைப் பரிந்துரைப்போர், அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. இலவசப் பிரதி அனுப்பி மதிப்புரை கேட்பதில் தவறில்லை. பிரதி இலவசமாகப் பெறப்பட்டது என்பதை மதிப்புரையாளர் மறைப்பதே தவறு.

கவிஞர்களைக் குறிவைத்து இன்னொரு வணிகமும் நடக்கிறது. 'உங்கள் கவிதை தேர்வாகியுள்ளது' என்று ஒரு செய்தி வரும். தொகுப்பில் இடம்பெறக் கட்டணம், சான்றிதழுக்குக் கட்டணம், விருதுக்குக் கட்டணம், தம் கவிதை இடம்பெற்ற நூலைப் பெறவும் கட்டணம். ஐம்பது பேர் எழுதிய அத்தொகுப்பை வாங்குவோர் அந்த ஐம்பது பேரும் அவர்தம் குடும்பத்தினருமே. அதில் இடம்பெறுவதால் புதிய வாசகர் ஒருவர்கூடக் கிடைப்பதில்லை.

கையெழுத்திடும் முன்

அச்சிடல், வடிவமைப்பு, விற்பனை ஆகியவற்றைத் தொகுப்பாக வழங்கும் நிறுவனங்கள் நாட்டில் பல உள்ளன. 2008-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பொத்தி டாட் காம், 2012-இல் சென்னையில் தொடங்கப்பட்ட நோஷன் பிரஸ் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. எந்த நிறுவனமாயினும், சேவைக்குப் பணம் பெறுவதும் படைப்பின் உரிமையைப் பெறுவதும் வெவ்வேறு என்பதை எழுத்தாளர் மனத்தில் கொள்ள வேண்டும். அட்டை வடிவமைத்துத் தந்தமைக்காக நாவலின் திரைப்பட உரிமையையோ மொழிபெயர்ப்பு உரிமையையோ எவருக்கும் தர வேண்டிய தேவை இல்லை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே உரிமை எழுத்தாளருக்கு உரியதாகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கிறது. உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதாயின் எழுத்துவடிவ ஒப்பந்தம் தேவை. சட்டத்தின் 19-ஆம் பிரிவில் அதிகம் அறியப்படாத இரு பாதுகாப்புகள் உள்ளன. ஒப்பந்தத்தில் காலவரம்பு குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டாலும், வேறுவிதமாக ஒப்பந்தத்தில் கூறப்படாத நிலையில், அது காலாவதியாகிவிடும். 'முழுப் பதிப்புரிமைக் காலத்துக்கும் உலகெங்கும்' என்ற ஒற்றை வரி இந்தப் பாதுகாப்புகளில் முதல் இரண்டையும் இல்லாமல் செய்துவிடும். அந்த வரியைத்தான் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டும்.

பெரிய பதிப்பகம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் எண்ண முடியாது. அமீஷின் நூல்களை வெளியிட்ட வெஸ்ட்லேண்டை, அதன் உரிமையாளரான அமேசான் நிறுவனம் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்தது. அதன் எழுத்தாளர்கள் புதிய பதிப்பகம் தேட நேர்ந்தது. அமீஷ் ஹார்ப்பர்காலின்ஸுக்கு மாறினார். வெஸ்ட்லேண்ட் குழுவைப் பின்னர் பிரதிலிபி ஏற்றுக்கொண்டது.

கட்டணமில்லா எண்ணும் நான்கு நூலகங்களும்

நூலுக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாகக் கட்டணமின்றி வழங்குகிறது. எழுத்தாளர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். இதற்கெனத் தனிக்கட்டணம் கேட்போரிடம் அது எதற்கு என்று கேட்கும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. மற்றவர் பெற்றுத் தரும் எண்ணில் பதிப்பாளர் என்ற இடத்தில் அவர்களின் பெயரே பதிவாகும்.

வாசகருக்கு நேரடியாக நூலை அனுப்புவோருக்கு அஞ்சல் செலவு பெரும் சுமை. பதிவுப் புத்தக அஞ்சல் சேவை 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2025-ஆம் ஆண்டு மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை நடைமுறைக்கு வந்தது. 300 கிராம் வரை ரூ.20, ஐந்து கிலோ வரை அதிகபட்சம் ரூ.100 என அறிமுகத்தின்போது கட்டணம் அறிவிக்கப்பட்டது; வரி தனி. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவரின் பெயர் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொந்தமாக அச்சிடுவோர் பலர் இதை விட்டுவிடுகின்றனர்.

தாமே பதிப்பாளராக இருப்பவர்களுக்குச் சட்டக் கடமை ஒன்றும் உள்ளது. 1954-ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, நூல் வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் தலா ஒரு பிரதியைத் தம் செலவில் அனுப்ப வேண்டும்.