மில்ன் குடாவில் விருந்தினர்

பாப்புவா நியூ கினி நாட்டின் நிலப்படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு, அதன் கிழக்கு முனை பறவையொன்று அலகைத் திறந்தாற்போல் இரண்டாகப் பிளந்திருப்பது புலப்படும். அவ்வலகின் நடுவே அடங்கிக் கிடக்கும் நீர்ப்பரப்பே மில்ன் குடா. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிலும் செப்டம்பர்த் திங்களிலும் ஜப்பானியப் படை இங்கே கரையிறங்கி, ஆஸ்திரேலியரிடம் தோல்வியுற்றுத் திரும்பியது. போர் வரலாறு கற்றோர் இக்குடாவை அறிந்திருப்பது அதனால்தான். இன்று இங்கு வருவோரில் பலர் நாடி வருவது கடலின் அடியை.

அவர்கள் தங்குவது படகில். பவளத் திட்டுகள் தீவுக்குத் தீவு சிதறிக் கிடப்பதாலும், அவற்றின் அருகே விடுதிகள் அரிதாகவே உள்ளமையாலும், உண்பதும் உறங்குவதும் உருளைகளில் காற்றை நிரப்பிக்கொள்வதும் படகிலேயே நடைபெறுகின்றன. இரவில் படகு ஓடுகிறது. விடியும்போது வேறொரு தீவின் நிழலில் நங்கூரமிட்டு நிற்கிறது. இம்முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர்கள் பாப் ஹால்ஸ்டெட் என்னும் ஆங்கிலேயரும், மில்ன் குடாப் பகுதியிலேயே பிறந்த அவர்தம் மனைவி டைனாவும் ஆவர். 1986இல் அவர்கள் ‘தெலிதா’ என்னும் படகைக் கடலில் இறக்கினர்.

முக்குளிப்போர் முதுகில் சுமப்பது பிராணவாயு என்று பலர் எண்ணுகின்றனர். அது பெரும்பாலும் நாம் மூச்சுவிடும் இதே காற்றுத்தான். அழுத்தி அடைக்கப்பட்டது, அவ்வளவே. பத்து மீட்டர் இறங்குந்தோறும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் கடல்மட்டத்தில் இழுப்பதைப்போல் நான்கு மடங்கு காற்றை விழுங்கிவிடும். காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் ஊறிவிடுவதால், மேலே வருகையில் மெல்ல வந்து, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் காத்திருத்தல் வேண்டும். அவசரப்படுவோர்க்கு மூட்டுகளிலும் நரம்புகளிலும் நோய் உண்டாகும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறுதலோ நுரையீரலையே கிழித்துவிடும். மருத்துவமனைக்குத் தொலைவான கடலில் இவ்விதிகளை மீறுவது வீரமன்று, மடமை.

இனி அடியில் காண்பவை. தீவோரங்களில், மாண்டா என்னும் பெருந்திருக்கைகள் அகன்ற இறக்கைகளை விரித்து அசையாமல் மிதந்து நிற்க, விரல் நீளமே உள்ள சிறு மீன்கள் அவற்றின் உடலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்கின்றன. அவ்வளவு பெரிய உயிர் அத்தனை சிறிய உயிரின் முன் பொறுமையாய் நிற்கும் காட்சியைக் கண்டோர் மறப்பதில்லை. இரவில் ஆழங்குறைந்த திட்டுகளில் சிறுத்தைப் புள்ளிகள் கொண்ட சிறு சுறாவொன்று தன் துடுப்புகளை ஊன்றி ‘நடந்து’ செல்கிறது. அது தனி இனமென்று அறிவியலார் பெயரிட்டதே 2010இல்தான். வடகரையில், வெறும் கருமணல் அன்றி வேறொன்றுமில்லை என்று தோன்றும் இடங்களிலோ வியப்பு இன்னும் மிகுதி. சருகு போன்ற மீன், பாசி படர்ந்த கல் போன்ற மீன், தேங்காய்ச் சிரட்டைக்குள் ஒளியும் பேய்க்கணவாய் என உற்றுநோக்குவோர்க்கே தோன்றும் உயிர்கள் அங்குள்ளன. ‘சேற்று முக்குளிப்பு’ என்று ஹால்ஸ்டெட் வேடிக்கையாய்ச் சொன்ன சொல் இன்று உலகெங்கும் வழங்குகிறது.

ஆயினும் நான் இங்கு எழுத விரும்பியது மீன்களைப் பற்றி மட்டுமன்று. இக்கடலுக்கு உரியவர்கள் உளர். பாப்புவா நியூ கினியின் நிலத்தில் மிகப் பெரும்பகுதி குலங்களின் வழிவழி உரிமை. மில்ன் குடாப் பகுதியில் அவ்வுரிமை பெரும்பாலும் தாய்வழியாக வருகிறது. ஊருக்கு எதிரேயுள்ள பவளத் திட்டும் அவ்வுரிமையில் அடங்கியதே. ஆகவே, படகு நங்கூரமிட்டதும் கரையிலிருந்து தோணி வருகிறது. வந்தவரிடம் அனுமதி கேட்டு, கட்டணம் செலுத்திய பின்னரே முக்குளிப்போர் இறங்குவர். அதே தோணியில் வாழையும் கிழங்கும் பப்பாளியும் படகின் சமையலறைக்கு விலையாகின்றன. சிலர் இதை நச்சரிப்பு என்று முணுமுணுப்பதுண்டாம். பிறர் வீட்டு முற்றத்தில் நடப்பவர் வாயிலில் நின்று கேட்பது நச்சரிப்பாகுமா?

அக்கட்டணம் பெரிய தொகையன்று. ஆயினும் இத்தீவுகளில் காசு பெற வழிகள் சிலவே. கடல் அட்டை பிடித்து உலர்த்தி விற்பது அவற்றுள் ஒன்று. அட்டைகள் அருகிவிட்டமையால் 2009இல் நாடு முழுவதும் அத்தொழில் நிறுத்தப்பட்டு, 2017இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அழியாத திட்டும் வருவாய் தரும் என்பதை ஓர் ஊர் கண்டுகொள்ள, முக்குளிப்போர் தரும் காசு உதவுகிறது.

குடாவுக்கு வடக்கே, இதே மாகாணத்தில், டோபு என்னும் எரிமலைத் தீவு உளது. 1891இல் மெத்தடிஸ்ட் ஊழியர்கள் வந்து பணி தொடங்கிய இடம் அது. அதன் கரையிலும் எதிரேயுள்ள நார்மன்பித் தீவின் கரையிலும் கடலடி மணலிலிருந்து குமிழிகள் இடைவிடாது எழுகின்றன. முக்குளிப்போர் அவற்றினூடே நீந்தி மகிழ்வர். குமிழிகள் ஏறத்தாழ முழுவதும் கரியமில வாயு. அது கரைந்த நீர் அமிலத்தன்மை பெறுகிறது. ஆலைகளும் ஊர்திகளும் கக்கும் கரியமில வாயுவால் உலகக் கடல்கள் இந்நூற்றாண்டின் இறுதியில் எந்நிலை எய்தலாமோ, அந்நிலை இங்கே இன்றே உளது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் காத்தரினா பாப்ரிசியசும் உடன் பணிபுரிந்தோரும் இவ்விடங்களை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். குமிழிகளின் அருகே பவள இனங்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. கிளைவிட்டுப் படர்ந்து, மீன்குஞ்சுகளுக்கு வீடாகும் பவளங்கள் அருகி, உருண்டைப் பாறை போன்ற பவளங்களே மிகுந்து நின்றன.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலின் 24ஆம் பத்தியில், கடல் இவ்வாறு அமிலமாவதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டுள்ளார். அலோட்டாவ்-சைடேயா மறைமாவட்டத்தின் மீனவக் குடும்பங்களுக்கு அப்பத்தி தம் வீட்டுச் செய்தி. தோணியில் துடுப்பு வலிக்கும் அவர்கள் எரித்த கரி எத்துணை? அவர்தம் திட்டில் இறங்க வருவோர் அனுமதி கேட்டு வருகின்றனர். எங்கோ எழும் புகையோ எவரையும் கேட்பதில்லை, கட்டணமும் செலுத்துவதில்லை.

டோபுவின் கரையில் குமிழிகள் எழுந்துகொண்டேயிருக்கின்றன. கடைசி முக்குளிப்பு முடிந்து ஏணியில் ஏறியவர்கள் உடை மாற்றுகின்றனர். படகின் ஓரத்தில் தோணியை அணைத்துக்கொண்டு நிற்பவரிடம் அன்றைய கட்டணம் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. அவர் அதைச் சரிபார்த்து இடுப்பில் முடிந்துகொண்டு, கரையை நோக்கித் துடுப்பைப் போடுகிறார்.