பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்ட இசைத்தொகுப்பு

‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்றதும் தலைக்கவசம் அணிந்து மோதிக்கொள்ளும் விளையாட்டாளர்கள்தான் பலருக்கும் நினைவில் வருவார்கள். எமோ ராக் இசை கேட்பவர்களுக்கோ அது ஓர் இசைக்குழுவின் பெயர். அக்குழு 1999ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் தொகுப்பின் பெயரும் அதுவே.

வெளிவந்தபோது அந்தத் தொகுப்பு பெரிதாகப் பேசப்படவில்லை. சிறிது காலத்தில் குழுவும் கலைந்துவிட்டது. ஆனால், 2014ல் மறுவெளியீடு கண்டபோது அது அமெரிக்காவின் ‘பில்போர்டு 200’ பட்டியலில் இடம்பிடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் குழு மேடை ஏறவில்லை. புதிய பாடலும் தரவில்லை. தொகுப்பை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்களே. அவர்களை ஈர்த்தது எது? ஈர்க்கப்படாதவர்கள் சொல்லும் குறை என்ன?

எமோ என்பது என்ன?

உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே எமோ. 1980களின் நடுப்பகுதியில் வாஷிங்டன் நகரின் பங்க் ராக் குழுக்களிடையே இவ்வகை உருவானது. பங்க் இசை சமூகத்தின்மீது கோபப்பட்டது என்றால், எமோ தன் மனத்துக்குள் இருந்த வலியைப் பாடியது. 1990களில் இல்லினாய் உள்ளிட்ட மத்திய மேற்கு மாநிலங்களில் அது வேறொரு வடிவம் எடுத்தது. சில குழுக்களிடம் கூச்சல் தணிந்தது, கிட்டார் வாசிப்பு நுணுக்கமானது.

அந்த மரபில் வந்தவர்கள்தான் மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ் ஆகிய மூவரும். இல்லினாய் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அர்பானா நகரில் இணைந்து வாசித்த இவர்களின் ஒன்பது பாடல்களை, பெரிய நிறுவனங்களைச் சாராத ‘பாலிவினைல்’ வெளியிட்டது. படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பாதையில் சென்றனர். லாமோஸ் பின்னாளில் பேராசிரியரானார். கின்செல்லா ‘ஓவன்’ என்ற பெயரில் தனியாகப் பாடி வந்தார்.

பாராட்டுவோர் சொல்வது

ரசிகர்கள் முதலில் குறிப்பிடுவது கிட்டாரைத்தான். இரண்டு கிட்டார்களும் ஒரே சுரக்கூட்டை ஓங்கி ஒலிக்காமல், தனித்தனி இழைகளாகப் பின்னிக்கொண்டு செல்கின்றன. ‘நெவர் மென்ட்’ என்ற முதல் பாடலுக்காகத் தந்திகளை வழக்கத்துக்கு மாறான சுருதியில் கூட்டியிருப்பார்கள். அந்தச் சுருதியைக் கற்றுக்கொள்வது இவ்வகை இசையில் நுழையும் இளம் கிட்டார் கலைஞர்களுக்கு இன்று ஒரு பாலபாடம்போல் ஆகிவிட்டது. நான்கு நான்காக எண்ணித் தாளம் போடுபவர்களின் விரல் சில இடங்களில் தடுமாறும். டிரம்ஸ் வாசிக்கும் லாமோஸே ஊதும் டிரம்பெட், ராக் இசையில் எதிர்பாராத ஒரு மென்சோகத்தைச் சேர்க்கிறது.

அடுத்து வரிகள். பிரிவு, கோடைக்காலத்தின் முடிவு, சொல்லாமல் விட்ட சொற்கள் இவையே பாடுபொருள். யார் யாரைப் பிரிந்தார் என்பதற்குப் பெயரோ விவரமோ இல்லை. நம் அகப்பாடல்களில் தலைவன், தலைவிக்குப் பெயர் சூட்டாத மரபை அறிந்தவர்களுக்கு இதன் பலன் புரியும். பெயர் இல்லாத இடத்தில் கேட்பவர் தம்மைப் பொருத்திக்கொள்ளலாம். பள்ளியோ கல்லூரியோ முடித்து நண்பர்களைப் பிரியும் வயதினர் இதைத் தங்கள் தொகுப்பாகக் கருதுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

குறை காண்போர் சொல்வது

எல்லாரும் மயங்கிவிடவில்லை. கின்செல்லாவின் குரல் மெலிந்தது, சில இடங்களில் சுருதியோடு ஒட்டவில்லை என்பது ஒரு குறை. பாடல்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன, வரிகள் பதின்ம வயதினரின் நாட்குறிப்பைத் தாண்டவில்லை என்போரும் உண்டு. பங்க் வேகத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது தூக்கம் வரவழைக்கும் இசை.

இந்தக் குறைகள் பொய்யல்ல. ஆனால், ரசிகர்கள் விரும்புவதும் அவற்றையே என்பதுதான் வியப்பு. தேர்ந்த பாடகர் ஒருவர் பாடியிருந்தால் அந்த வரிகள் ஒரு நிகழ்ச்சியாகியிருக்கும். தயங்கும் குரல் பாடுவதால், அடுத்த அறையில் இருக்கும் நண்பர் பேசுவதுபோல் இருக்கிறது.

தாமதத்துக்குக் காரணம்

ஒரு தொகுப்பைப் பரப்ப ஊர் ஊராகச் சென்று வாசிக்க வேண்டிய காலம் அது. அதற்குக் குழுவே இல்லை. 2000களில் எமோ பெருவணிகமானபோதும் வானொலியை ஆண்டது உரத்த, வேகமான பாடல்கள்தான். பின்னர் இணையத்தில் பாடல்களைப் பகிர்வது எளிதானது. கிட்டார் கற்போர் தங்கள் வாசிப்பைக் காணொளியாக வெளியிட்டனர். 2010ஐ ஒட்டி எழுந்த புதிய எமோ குழுக்கள் இந்தத் தொகுப்பின் பாணியைப் பின்பற்றின. அவற்றைக் கேட்டவர்கள் மூலத்தைத் தேடி வந்தார்கள்.

2014ல் மூவரும் மீண்டும் மேடை ஏறினர். கின்செல்லாவின் உறவினரான நேட் கின்செல்லாவும் குழுவில் சேர்ந்தார். இரண்டாவது தொகுப்பு 2016ல் வந்தது. முதல் தொகுப்புக்கும் அதற்கும் இடையே 17 ஆண்டுகள்.

அட்டையில் இருந்த வீடு

தொகுப்பின் அட்டைப்படத்தில் இருப்பது அர்பானாவில் உள்ள ஒரு சாதாரண வீட்டின் மேல்மாடி. ஒளிரும் சன்னல், மேலே இருண்ட வானம், அவ்வளவுதான். ரசிகர்கள் தேடிச் சென்று அதன்முன் படம் எடுத்துக்கொள்ளும் இடமாக அது மாறியது. 2023ல் குழுவினர், பாலிவினைல் நிறுவனம், அட்டைப்படத்தை எடுத்த புகைப்படக் கலைஞர் உள்ளிட்டோர் கூட்டாக அந்த வீட்டை வாங்கினர். இடிக்கப்படாமல் பாதுகாப்பதே நோக்கம். பலர் கண்டுகொள்ளாத ஒரு தொகுப்பின் அட்டைப்படத்துக்காக ஒரு வீடே காப்பாற்றப்பட்டிருக்கிறது.

வெளியான முதல் வாரத்து எண்ணிக்கையை வைத்தே ஒரு படைப்பைத் தீர்மானிக்கும் பழக்கம் இசையுலகில் வலுத்துவரும் காலம் இது. அந்த அளவுகோலில் தோற்றுப்போன இந்தத் தொகுப்பை, முதன்முறை கேட்பவர்கள் ‘நெவர் மென்ட்’டில் தொடங்கலாம். பிடித்திருந்தால், பாட்டு வரிகளே இல்லாத கடைசிப் பாடல்வரை நிறுத்தாமல் கேளுங்கள். ஏறத்தாழ 40 நிமிடங்களே ஆகும்.