கிழக்கு வாசலில் ஒரு பிரம்மஹத்தி!

"சுகர் பார்டர்லைன்ல இருக்கு. நடங்க" என்றார் டாக்டர்.

எனக்குத் தெரிந்த ஒரே பார்டர் ஆஸ்திரேலியாவின் ஆலன் பார்டர்தான். என் மனைவிக்குத் தெரிந்தது புடவை பார்டர். இரண்டுமே ரத்தத்தில் கலக்காது. இது கலந்துவிட்டது.

பி.காம். படித்தவனுக்கு வரவு செலவு தெரியாதா? இட்லி, பரோட்டா, மெதுபக்கோடா எல்லாம் வரவு. நடை, செலவு. பத்து வருஷமாகச் செலவே காட்டாமல் வரவு வைத்துக்கொண்டே போனால், 35 வயதில் பேலன்ஸ் ஷீட் இப்படித்தான் வரும்.

அந்த வாரம் பார்த்து இங்கிலாந்திலிருந்து லீவில் வந்து சேர்ந்தான் நண்பன். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே பெஞ்ச்.

"அங்க சனிக்கிழமை ஆனா பத்து மைல் மலையில நடப்போம் மாப்ளே. கீழ இறங்கினதும் பப்புல சாப்பாடு."

"மழை பெஞ்சா?"

"நடப்போம்."

"சேறா இருந்தா?"

"சேறு இல்லாத நாளே கிடையாது!"

அடுத்தவன் வயலுக்கு நடுவே கூட அங்கே பொதுப் பாதை போகுமாம். அம்புக்குறி போட்டு வழிகாட்டியும் நட்டிருப்பார்களாம். சும்மா கிடைக்கவில்லை அது. 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. கிண்டர் ஸ்கௌட் என்கிற மலையைப் பிரபுக்கள் பறவை வேட்டைக்கென்று வளைத்து வைத்திருக்க, மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேருக்கு ஜெயில். வாரமெல்லாம் வேலை பார்ப்பவனுக்கு ஒரு நாள் நடக்க இடம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 1949-ல் சட்டமே வந்தது.

நமக்கு யாரும் தடை போடவில்லை. நாமே உட்கார்ந்துவிட்டோம்!

"சரிடா, தஞ்சாவூர் ஜில்லாவுல மலைக்கு எங்க போறது?"

"திருவிடைமருதூர்லேர்ந்து சுவாமிமலை. பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல வரும்."

"அது கட்டுமலைடா. மொத்தமே 60 படி!"

"இங்கிலாந்தோட உசந்த மலையே 978 மீட்டர்தான். நம்ம தொட்டபெட்டா 2,637. அதுக்காக அவங்க வெக்கப்பட்டு வீட்லயா உக்காந்துட்டாங்க?"

மார்கழி கடைசி ஞாயிறு. காலை ஆறு மணிக்கு மகாலிங்கசுவாமி கோயில் கிழக்கு வாசலில் பைக்கை நிறுத்தினேன். வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மஹத்தி தோஷம், அவன் உள்ளே போனதும் இதே வாசலில் காத்திருந்ததாம். அவன் மேற்கு வாசல் வழியாகத் தப்பித்தான் என்பது தலபுராணம். கிழக்கே நுழைந்தவர்கள் வேறு வாசல் வழியாக வெளியேறுவது இன்றும் வழக்கம். "போன வழியில திரும்பக் கூடாதுங்கறதுதான் அங்கயும் நடக்கறவங்க ரூல்" என்றான் நண்பன்.

என் தோளில் ஒரு பை. இரண்டு தண்ணீர் பாட்டில், குடை, துண்டு, பிஸ்கட், தைலம், பவர் பேங்க். அவன் கையில் ஒரே ஒரு பாட்டில். இந்த ஊர் கிழக்கு வாசலில் பட்டினத்தார், மேற்கு வாசலில் பத்திரகிரியார். அரசைத் துறந்து வந்த பத்திரகிரியாரிடம் ஒரு திருவோடும் ஒரு நாயும் இருந்ததற்கே, அவரை 'சம்சாரி' என்று கேலி செய்தார் பட்டினத்தார் என்பார்கள். என் பையைப் பார்த்திருந்தால் பேசவே மாட்டார்.

திருபுவனம் வந்தபோது முழங்கால் ஆட ஆரம்பித்தது. பட்டுக்குப் பேர் போன ஊர், 2019-ல் புவிசார் குறியீடு கூட வாங்கிவிட்டது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கோயிலில் சுவாமி பெயர் கம்பகரேஸ்வரர். தமிழில், நடுக்கம் தீர்த்தவர். சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

அதற்கப்புறம்தான் சோதனை. மெயின் ரோட்டில் நடைபாதை கிடையாது. பஸ் நம் காதுக்குள் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. ரோட்டோர வெள்ளைக் கோடுதான் எங்கள் பார்டர்லைன். மூன்று பேர் வண்டியை நிறுத்தி, "ரிப்பேரா சார்? ஏறிக்கங்க" என்றார்கள். ஒரு பாட்டி மட்டும், "வேண்டுதலாப்பா?" என்று கேட்டாள். நம் ஊரில் ஒருவன் நடந்தால், ஒன்று வண்டி கெட்டிருக்க வேண்டும், இல்லை வேண்டிக்கொண்டிருக்க வேண்டும்!

வேண்டிக்கொண்டால் நன்றாகவே நடப்போம். சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கு ஏழூர் சுற்றும்போது கூடவே ஊர் ஊராக நடக்கிற கூட்டத்தைப் பாருங்கள். வழியெல்லாம் நீர்மோர், பானகம், சாப்பாடு. பப் கிடையாது, அவ்வளவுதான்.

தூரத்தில் சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தெரிந்தபோது, டெல்டாக்காரனுக்கு எது மலை என்று புரிந்தது.

கும்பகோணத்தில் டிபன். பப்பில் நாமே கவுன்ட்டருக்குப் போய் ஆர்டர் சொல்லிப் பணம் கட்ட வேண்டுமாம். சேற்று பூட்ஸோடு போகலாம், பெரும்பாலும் நாயும் வரலாம். (பத்திரகிரியார் கவனிக்க.) 'உழவர் லஞ்ச்' என்று ரொட்டி, சீஸ், ஊறுகாய் தருவார்களாம். அந்தப் பெயரைப் பிரபலப்படுத்தியது உழவர்கள் இல்லை, 1950, 60களில் சீஸ் வியாபாரிகள். நம் உழவர் லஞ்ச் பழைய சோறும் சின்ன வெங்காயமும். விளம்பரமே தேவைப்படவில்லை!

இங்கே சர்வர் தானே வந்து பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். இட்லியும் கடப்பாவும் சொன்னோம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைந்து, இட்லி மேல் இறங்குகிற சமாச்சாரம் அது. கடைசியில் டிகிரி காபி. என் பி.காம். டிகிரியை விட மதிப்பானது.

"எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

"இந்த வயசுலயா சார்?" என்று பரிதாபப்பட்டார் சர்வர். காபி கசந்தது.

சுவாமிமலை சேரும்போது பதினொன்றரை. அறுபது படிக்கும் அறுபது தமிழ் வருஷங்களின் பெயர். பிரபவ முதல் அட்சய வரை. எண்ணிக்கொண்டே ஏறினேன். முப்பத்தைந்தாவது படியில் மூச்சு வாங்கியது.

"என் வயசு இதுதான்டா" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. கூடவே ஏறி வந்தவன் ஐம்பத்திரண்டில் நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை.

"அப்பா இந்தப் படியோட நின்னுட்டாங்க மாப்ளே."

அவன் அப்பாவை எனக்குத் தெரியும். பாங்க்கில் வேலை. சுகர் இருபது வருஷம். வாக்கிங் போகச் சொன்னால், "ரிட்டயர் ஆனப்புறம் அதானே வேலை" என்பார்.

"நான் அங்க மலைக்குப் போறது சீனரி பார்க்கன்னு நினைச்சியா?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. மிச்சம் எட்டுப் படியும் சேர்ந்தே ஏறினோம்.

பஸ்ஸில் திரும்பினோம். திருவிடைமருதூரில் இறங்கியதும்தான் ஞாபகம் வந்தது... கிழக்கு வாசலில், காலையில் விட்ட அதே இடத்தில், ஸ்டாண்ட் போட்டுச் சாவதானமாகக் காத்துக்கொண்டிருந்தது என் பிரம்மஹத்தி!

சாவியை நண்பனிடம் கொடுத்தேன்.

"நீ ஓட்டிட்டுப் போடா. வீடு ஒண்ணரை கிலோமீட்டர்தானே... நான் நடந்து வரேன்."