ஆகாயத்தில் பறந்தவர் தரையில் நின்று கொடி பிடித்தார்!

தேனியில் இருந்து கம்பத்துக்குப் பஸ் புறப்படுகிறது. பஸ்சை ஓட்டுபவர் டிரைவர். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், பஸ் எப்போது நகர வேண்டும் என்று சொல்பவர் வேறு ஒருவர். பஸ் நிலையத்தில் கையில் நோட்டுடன் நிற்பாரே, "டைம் கீப்பர்", அவர்தான்.

கண் பார்வை குறைந்தோ, முதுகு வலி வந்தோ வண்டி ஓட்ட முடியாமல் போன டிரைவர்களுக்கு, பஸ் நிலையத்திலோ டெப்போவிலோ இலகுவான வேலை கொடுப்பது உண்டு. அப்படி ஒருவரைப் பார்த்தால், "பாவம்! வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள்" என்று ஊரார் சொல்வார்கள்.

ஆகாயத்திலும் இப்படி ஒரு வேலை மாற்றம் உண்டு. விமானம் ஓட்டியவர் அந்த வேலையை விட்டுவிட்டு, விமானங்களுக்கு வழி சொல்லும் வேலைக்கு வருகிறார். அவரையும் "பாவம்" என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. விமானி, தன் ஒரு விமானத்தைக் காப்பாற்றுகிறார். கீழே இருந்து வழி சொல்பவரோ, ஒரே நேரத்தில் பல விமானங்களைக் காப்பாற்றுகிறார்!

தள்ளுவண்டியில் ஓர் ஆபீஸ்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1929-ம் ஆண்டில் அந்த ஊர் விமான நிலையத்தில் ஒரு புதிய வேலை உண்டாயிற்று. அந்த வேலைக்கு வந்தவர் பெயர் ஆர்ச்சி லீக்.

அவர் ஒரு விமானி. ஊர் ஊராகச் சென்று விமானத்தில் வித்தை காட்டும் கோஷ்டியில் இருந்தவர். "பறக்கும் சர்க்கஸ்" என்று அதைச் சொல்வார்கள். விமான எஞ்சினைப் பழுது பார்க்கவும் அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர் ஆகாயத்தை விட்டுத் தரைக்கு வந்தார். கையில் இரண்டு கொடிகளை எடுத்துக்கொண்டார். ஒன்று சிவப்புக் கொடி. மற்றொன்று கட்டம் போட்ட கொடி. சிவப்பைக் காட்டினால், "நில்" என்று அர்த்தம். கட்டக் கொடியைக் காட்டினால், "போகலாம்" என்று அர்த்தம்.

அவருக்கு ஆபீஸ் கட்டடம் கிடையாது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிதான் ஆபீஸ்! ஒரு மடக்கு நாற்காலி, வெயிலுக்கு ஒரு பெரிய குடை, குறிப்பு எழுத ஒரு நோட்டு, குடிக்கத் தண்ணீர், மத்தியானச் சாப்பாடு, இவற்றை அந்த வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, ஓடுபாதையின் ஓரத்துக்குப் போவார். கோடையில் வெயில் வாட்டும். குளிர்காலத்தில் பனி நடுக்கும். அவர் நகர மாட்டார்.

அமெரிக்காவின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று இன்று போற்றப்படுபவர் இந்த ஆர்ச்சி லீக்தான்.

பின்னர் கோபுரம் வந்தது. ரேடியோ வந்தது. ஆர்ச்சி லீக் என்ஜினீயரிங் படித்தார். 1937-ல் மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது மறுபடியும் விமானியானார். போர் முடிந்ததும் பழைய வேலைக்கே திரும்பினார். கொடி பிடித்து நின்றவர், அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துப் பிரிவுக்கே இயக்குனராக உயர்ந்து, 1973-ல் ஓய்வு பெற்றார்!

எதற்காக இந்த வேலை?

"ஆகாயம் எவ்வளவு பெரியது! அங்கே போய் விமானங்கள் மோதிக்கொள்ளுமா?" என்று கேட்கலாம். ஆரம்ப காலத்தில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

1922-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, பிரான்ஸ் நாட்டில் ஒரு கொடுமை நடந்தது. லண்டனில் இருந்து பாரிசுக்கு ஒரு விமானம் வந்தது. பாரிசில் இருந்து லண்டனுக்கு மற்றொரு விமானம் போனது. மூடுபனி. எதிரே வருவது தெரியவில்லை. இரண்டும் நேருக்கு நேர் மோதின. 7 பேர் மாண்டார்கள்.

அதன் பிறகுதான், ஆகாயத்திலும் போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்று இருக்க வேண்டும் என்பது உறைத்தது.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியது இல்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் ஆயிரக்கணக்கில் குவியும். மலைப்பாதையோ குறுகலானது. அப்போது போலீசார் என்ன செய்கிறார்கள்? குமுளி மலைப்பாதை ஒன்று, கம்பம்மெட்டு மலைப்பாதை ஒன்று. ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு வேறு பாதை என்று பிரித்து விடுகிறார்கள். இதனால் எதிர் எதிரே வண்டிகள் முட்டிக்கொள்வது இல்லை.

மூன்று நிமிடப் பயணம்

ஆகாயத்தில் சங்கடம் என்னவென்றால், வேகம். தேனியில் இருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். பஸ்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு மூன்று நிமிடம் கூட வேண்டாம்!

இதனால், விமானங்களுக்கு இடையே பெரிய இடைவெளி விடுகிறார்கள். மேலும் கீழுமாகப் பறந்தால், பொதுவாக 1,000 அடி இடைவெளி வேண்டும். ஒரே உயரத்தில் பறந்தால், ராடார் திரையில் பார்த்து, வழக்கமாக 9 கிலோமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி வைக்கிறார்கள். அந்த 9 கிலோமீட்டர் கூட, இரண்டு ஜெட் விமானங்கள் எதிர் எதிரே வந்தால், வெறும் 18 வினாடியில் தீர்ந்து போகும். அதற்குள் கீழே இருப்பவர் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் கேட்க வேண்டும்.

இந்தியாவின் ஆகாயம் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு இருக்கிறது. மேகமலைக்கும் போடிக்கும் மேலே பறக்கும் விமானங்கள் சென்னைப் பகுதியைச் சேர்ந்தவை. இந்தப் பள்ளத்தாக்கில் விமான நிலையம் கிடையாது. மதுரைக்குத்தான் போக வேண்டும். ஆனாலும், தலைக்கு மேலே போகும் ஒவ்வொரு பயணிகள் விமானத்துக்கும், எங்கோ ஓர் அறையில் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வழி சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

349 உயிர்கள்

அவர் சொல்வது காதில் சரியாக விழாவிட்டால் என்ன ஆகும்? 1996-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி அது தெரிந்தது.

டில்லியில் இருந்து சவூதி அரேபிய விமானம் ஒன்று மேலே ஏறியது. கஜகஸ்தான் நாட்டு விமானம் ஒன்று டில்லியில் இறங்க வந்தது. அந்தக் காலத்தில் டில்லியில் ஏறவும் இறங்கவும் ஒரே வழிதான் இருந்தது.

"14 ஆயிரம் அடியில் இருங்கள்" என்று ஏறும் விமானத்துக்குச் சொல்லப்பட்டது. "15 ஆயிரம் அடியில் இருங்கள்" என்று இறங்கும் விமானத்துக்குச் சொல்லப்பட்டது. சொன்னது சரி. ஆனால், இறங்கிய விமானம் 15 ஆயிரம் அடியில் நிற்கவில்லை. அதற்கும் கீழே வந்துவிட்டது. அரியானாவில், சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேர் பலியானார்கள். ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

அதன் பிறகு டில்லியில் ஏறும் வழியும் இறங்கும் வழியும் பிரிக்கப்பட்டன. எதிரே வரும் விமானத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி கட்டாயம் ஆக்கப்பட்டது.

சொன்னதைத் திருப்பிச் சொல்!

இப்படித் தவறு நேரக்கூடாது என்பதற்காகத்தான், உலகம் எங்கும் ஒரு விதி இருக்கிறது. கீழே இருப்பவர் முக்கியமான உத்தரவு ஒன்றைச் சொன்னால், விமானி "சரி" என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் உடனே திருத்துவார்கள்.

எண்களைச் சொல்வதிலும் ஜாக்கிரதை உண்டு. ஆங்கிலத்தில் ஐந்தையும் ஒன்பதையும் ரேடியோவில் கேட்டால் ஒரே மாதிரி ஒலிக்கும். ஆகவே, ஒன்பதை "நைனர்" என்கிறார்கள். ஐந்தை "ஃபைஃப்" என்கிறார்கள். மூன்றை "ட்ரீ" என்கிறார்கள்.

ரேடியோ கெட்டுப் போனால்? அதற்கும் வழி உண்டு. கோபுரத்தில் இருந்து விளக்கைக் காட்டுவார்கள். பறந்து வரும் விமானத்துக்குப் பச்சை விடாமல் எரிந்தால், "இறங்கலாம்." சிவப்பு விடாமல் எரிந்தால், "மற்ற விமானத்துக்கு வழி விட்டு, வட்டமிட்டுக்கொண்டே இரு." ஆர்ச்சி லீக் பிடித்த கொடி இன்னும் போகவில்லை. விளக்காக மாறி இருக்கிறது!

விமானி ஏன் வேலை மாறுகிறார்?

விமானியின் வேலைக்கு உடம்புதான் முதல். ஆண்டுக்கு ஒரு முறையாவது டாக்டர் சோதனை நடக்கும். இது முதல் வகுப்புச் சோதனை. மிகவும் கடுமையானது. இருதயத்தில் கோளாறு, வலிப்பு, சர்க்கரை, கண்ணில் குறை என்று ஏதாவது வந்தால், பறக்கும் அனுமதி நின்றுபோகலாம். நேற்று வரை விமானி. இன்று வீட்டில்! பயிற்சிக்காக வாங்கிய கடன் பல லட்சம் ரூபாய் அப்படியே நிற்கும்.

கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் டாக்டர் சோதனை உண்டு. ஆனால் அது மூன்றாம் வகுப்புச் சோதனை. முதல் வகுப்பில் தேறாத சிலர் இதில் தேறக் கூடும்.

விமானியாக இருந்தவருக்கு ஒரு சாதகம் உண்டு. மழை மேகத்துக்குள் விமானி எப்படித் தவிப்பார், ஒரு விமானம் எவ்வளவு நேரத்தில் திரும்பும், எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

ஒரு பாதகமும் உண்டு. இனி அவர் கைக்கு வேலை இல்லை. வாய்க்குத்தான் வேலை. "என் விமானம்" என்று ஒன்று கிடையாது. திரையில் தெரியும் அத்தனை விமானங்களும் அவருடையவை. இரவு முறை, பகல் முறை என்று வேலை மாறி மாறி வரும். தீபாவளி, பொங்கல் கிடையாது.

27 வயதில் கதவு சாத்தப்படும்

இந்தியாவில், "நான் விமானியாக இருந்தேன்" என்று சொல்லி நேராக இந்த வேலையில் சேர்ந்துவிட முடியாது. இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தும் பரீட்சையில், மற்றவர்களைப் போலவே போட்டி போட வேண்டும்.

அதற்கு பி.எஸ்சி. பட்டம் வேண்டும். அதில் பௌதிகமும் கணக்கும் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், இவ்விரண்டையும் பாடமாகப் படித்த என்ஜினீயரிங் பட்டம் வேண்டும். வயது 27-க்கு மேல் போகக் கூடாது. பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 3 ஆண்டும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5 ஆண்டும் சலுகை உண்டு. பரீட்சையில் தேறினால், குரல் சோதனை, மனநலச் சோதனை, உடல் சோதனை நடக்கும். பிறகு பயிற்சி. 1948-ல் தொடங்கிய பயிற்சிக் கல்லூரி பிரயாக்ராஜ் நகரில் இருக்கிறது. அதுதான் பழைய அலகாபாத். 2025-ம் ஆண்டு அறிவிப்பின்படி, அடிப்படைச் சம்பளம் மாதம் 40 ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். புதிதாகச் சேருபவர் 31 வயதுக்கு உட்பட்டு இருக்க வேண்டும்.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும், நிலத்தை அடமானம் வைத்து மகனையோ மகளையோ விமானப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை 200 மணி நேரம் பறந்து லைசென்சும் வாங்கிவிடலாம். ஆனால், கையில் பட்டம் இருக்காது. 25 வயதில் உடல் சோதனையில் தவறிவிட்டால், வயது இருந்தும் இந்தப் பரீட்சைக்கு மனுப் போட முடியாது. வயதுச் சலுகை இல்லாதவர்களுக்கு, பட்டம் வாங்கி முடிப்பதற்குள் வயது போய்விடும்!

முதலில் பட்டம் படித்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் அதற்காக வெகுதூரம் போக வேண்டியது இல்லை. உத்தமபாளையத்தில் 1956-ல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி இருக்கிறது. போடியில் 2012 முதல் அரசு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ படித்துப் பட்டம் வாங்கிய பிறகு பறக்கப் போகலாம். ஆகாயம் எங்கும் ஓடிப் போய்விடாது.

ஆர்ச்சி லீக் 1986-ல் காலமானார். ஆபத்தில் சிக்கிய விமானங்களைக் குரலாலேயே காப்பாற்றிக் கீழே இறக்கும் அதிகாரிகளுக்கு, அமெரிக்கக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம் அவருடைய பெயரில் பதக்கம் வழங்கி வருகிறது. அந்தப் பதக்கம் பெறுபவர்களின் முகத்தை, அவர்களால் உயிர் பிழைத்த பயணிகளில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை.