சாவு வீட்டின் தாளம்

கரிஃபூனா மக்களின் ‘புந்தா’ இசையை முதன்முதலாகக் கேட்டபோது அதைத் திருவிழா இசை என்றே எண்ணினேன். விரைந்து ஒலிக்கும் இரு முழவுகள், இடைவிடாத கிலுகிலுப்பை, இடுப்பை மட்டும் அசைக்கும் ஆட்டம். இறந்தவருக்காக ஊரார் இரவெல்லாம் விழித்திருக்கும் வீட்டில் ஆடப்படுவது அது என்பதைப் பின்னரே அறிந்தேன். தாளம் துள்ளும், பாடலோ இழப்பைச் சொல்லும்.

இம்மக்களின் வரலாறு அதற்குப் பொருத்தமானதுதான். கரிபியன் கடலிலுள்ள செயின்ட் வின்சென்ட் தீவில் பூர்வகுடிகளும் ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவான இனம் இது. அவர்களைப் போரில் வென்ற பிரிட்டன், ஆயிரக்கணக்கானோரைப் பாலிசோ என்னும் சிறு தீவில் அடைத்து வைத்தது. பலர் நோயில் மாண்டனர். எஞ்சிய சுமார் 2,000 பேர் 1797 ஏப்ரலில் ஹோண்டுராஸை ஒட்டிய ரோவாத்தான் தீவில் இறக்கிவிடப்பட்டனர். பெலீஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா கடற்கரைகளில் இன்று வாழ்வோர் அவர்களின் வழித்தோன்றல்களே.

முழவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலிய மரத்தைக் குடைந்து, தோல் போர்த்தி, அதன் மேல் மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டுகிறார்கள். அடிக்கும்போது ஒருவித அதிர்வொலி கூடவே எழும். பெரிய முழவான ‘செகுண்டா’ மாறாத தாளத்தைத் தாங்கி நிற்க, சிறிய ‘பிரிமெரா’ அதன்மேல் விளையாடும். கிறிஸ்துமஸ் காலத்தில் முகமூடியணிந்து ஆடும் ‘வனராகுவா’வில் முறை தலைகீழ். அங்கே முழவுக்கு ஆடுவதில்லை. ஆடுபவரின் கால்களைப் பார்த்துத்தான் முழவு அடிக்கப்படுகிறது. முழங்காலில் கட்டிய சிப்பிகளும் ஒலியெழுப்பும்.

இப்பாடல்கள் அரவாக் குடும்பத்தைச் சேர்ந்த கரிஃபூனா மொழியில் அமைந்தவை. பெலீஸில் ஆங்கிலமும் பிற நாடுகளில் ஸ்பானியமும் பள்ளிகளை ஆள்கின்றன. 1980-இல் எழுத்தறிவுப் பணிக்காக நிகராகுவா சென்ற பெலீஸ் இளைஞர் ஆண்டி பலாசியோ, அங்கே முதியோர் சிலரிடம் மட்டுமே தம் மொழி எஞ்சியிருப்பதைக் கண்டார். அவருடைய இசை வாழ்வைத் திருப்பியது அந்தக் காட்சி.

அதே காலத்தில் பென் கயெதானோ என்னும் ஓவியரும் இசைஞருமானவர் டங்ரிகா நகரில் மின்கிட்டாரைச் சேர்த்துப் ‘புந்தா ராக்’ இசையை உருவாக்கினார். சாவு வீட்டுத் தாளத்தை நடனக் கூடத்துக்குக் கொண்டுபோனது தவறு என்று நான் கருதவில்லை. இளைஞர்கள் மீண்டும் தம் மொழியில் பாடினார்களே! எனக்குள்ள தயக்கம் வேறு. 1991-இல் ஹோண்டுராஸின் பண்டா பிளாங்கா குழுவின் ‘சோபா தெ கராகோல்’ லத்தீன் அமெரிக்காவெங்கும் ஒலித்தது. பாடல் ஸ்பானியத்தில்; இடையே சில கரிஃபூனாச் சொற்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் பொருளறியாமலே அவற்றை முணுமுணுத்தனர். மொழி அங்கே வெறும் ஓசையாகிவிட்டது.

பலாசியோ 2007-இல் வெளியிட்ட ‘வாத்தினா’ தொகுப்பு வேகத்தைக் குறைத்து, சொல் கேட்கும்படி பாடியது. பாராண்டா என்னும் கிட்டார் பாடல் மரபின் மூத்த கலைஞர் பால் நாபோரும் அதில் இடம்பெற்றார். மறு ஜனவரியில், 47 வயதில், பலாசியோ இறந்தார். நாபோர் 2014-இல் மறைந்தார்.

கரிஃபூனா மொழி, நடனம், இசை ஆகியவற்றை யுனெஸ்கோ 2001-இலேயே மனிதகுல மரபாக அறிவித்துவிட்டது. ஆனால், இப்பாடல்களில் பல, பெண்கள் தம் வீட்டுத் துயரைத் தம் மொழியில் கட்டிப் பாடியவை. அம்மொழியில் துயரைச் சொல்லத் தெரிந்த ஒருத்தி இருக்கும்வரைதான் அடுத்த பாட்டு பிறக்கும்.